ஒரே சுவடி, ஒரே அச்சு: எருசலேம் தல்மூதின் மூலபாட வரலாற்றில் லெய்டன் சுவடியும் வெனிசுப் பதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

யூத சமய அறிவுமரபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான எருசலேம் தல்மூத், 1523ஆம் ஆண்டையொட்டி வெனிசு நகரில் தானியேல் பொம்பெர்க் என்பாரின் அச்சகத்தில் முதன்முதலாக அச்சேறியது. அப்பதிப்பிற்குப் படியாக அமைந்த 1289ஆம் ஆண்டுச் சுவடி இன்றும் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அச்சுக்குப் பயன்பட்ட மூலச்சுவடியும் அதிலிருந்து உருவான முதற்பதிப்பும் ஒருங்கே கிடைப்பது சுவடிப் பதிப்பு வரலாற்றில் அரிது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கிப் பெயர்த்தெழுதியவர், பதிப்பாளர், அச்சுக்கோப்பவர் ஆகியோர் பாடத்தில் நிகழ்த்திய மாற்றங்களின் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது. பிற்காலத்தில் வெளிப்பட்ட பிற சான்றுகள் அப்பாடத்தை மதிப்பிட எவ்வாறு துணைசெய்கின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: எபிரேயச் சுவடிகள், எருசலேம் தல்மூத், மூலபாட ஆய்வு, முடிவுக்குறிப்பு, ஓரத்திருத்தம், வெனிசு அச்சு, கெய்ரோ கெனிசா.

முன்னுரை

ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்கும்போது பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலத்தை அணுக வழியுண்டு. ஒரே ஒரு முழுச்சுவடி மட்டுமே எஞ்சியிருக்கும் நூலின் நிலை வேறு. அச்சுவடியின் பிழை நூலின் பிழையாகவே நின்றுவிடும். அதனை அச்சிட்டவர் செய்த திருத்தமும் காலப்போக்கில் நூலாசிரியர் கூற்றாகவே கொள்ளப்படும். சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களோடு பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று. எனினும் அச்சகத்திற்குச் சென்ற படிகள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், பதிப்பாளரின் கை எங்கெங்கே பட்டது என்பதை நேரில் காணும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. எருசலேம் தல்மூத் அவ்வாய்ப்பைத் தருகிறது.

‘அச்சுப்பதிப்பின் பாடம் என்று நாம் படிப்பது பல கைகளின் கூட்டு விளைவு, அக்கைகளைப் பிரித்தறியாமல் அப்பாடத்தைக் கொண்டு மொழி, சட்டம், வரலாறு பற்றிய முடிவுகளைக் கூறுதல் பொருந்தாது’ என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வு எருசலேம் தல்மூதை மையமாகக் கொண்டது. பாபிலோனியத் தல்மூத் ஒப்பீட்டிற்குத் தேவையான அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. இரு தல்மூதுகள்

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பு ஆறு பெரும்பிரிவுகளை உடையது. வேளாண்மை தொடர்பான செராயீம், விழாக்கள் பற்றிய மோயேத், மணவாழ்வு பற்றிய நாஷிம், உரிமையியல், குற்றவியல் பற்றிய நெசிகீன், பலிகள் பற்றிய கோதாஷிம், தூய்மை பற்றிய தொஹொரோத் என்பன அவை. மிஷ்னாவை மூலமாகக் கொண்டு இரபிகள் நிகழ்த்திய விவாதங்களே தல்மூத் எனப்படும். பாலஸ்தீனத்தில், சிறப்பாகக் கலிலேயப் பகுதிக் கல்விக்கூடங்களில் உருவானது எருசலேம் தல்மூத். எருசலேமின் பெயரைத் தாங்கினும் அது அந்நகரில் தோன்றியதன்று. பாபிலோனில் அதற்குப் பின்னர் விரிவாக உருவானது பாபிலோனியத் தல்மூத்.

இவற்றுள் பாபிலோனியத் தல்மூதே பிற்கால யூத சமுதாயங்களில் சட்ட அதிகாரம் பெற்றது. அதனை நாள்தோறும் பயின்றனர், பல நாடுகளில் படியெடுத்தனர், உரைகளும் எழுதினர். எருசலேம் தல்மூதைப் பயின்றோர் சிலரே. பயில்வோர் குறைந்தால் படியெடுப்போரும் குறைவர். இதன் விளைவை இன்றைய நூலின் வடிவிலேயே காணலாம். முதல் நான்கு பெரும்பிரிவுகளுக்கே இத்தல்மூத் கிடைக்கிறது. தொஹொரோத் பிரிவில் நித்தா என்னும் நூலின் தொடக்கப்பகுதி மட்டும் உண்டு. கோதாஷிம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஷாபாத் நூலின் இறுதி நான்கு இயல்களுக்கும் மக்கோத் நூலின் மூன்றாம் இயலுக்கும் உரிய விவாதப்பகுதி சுவடியிலும் இல்லை, அச்சிலும் இல்லை.

2. லெய்டன் சுவடியும் அதன் முடிவுக்குறிப்பும்

லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் ‘ஸ்காலிகர் 3’ என்னும் எண்ணால் குறிக்கப்படும் இத்தோற்சுவடி இரு தொகுதிகளாக அமைந்தது. பேரறிஞர் யோசேப்பு ஸ்காலிகர் 1609இல் மறைந்தபோது, அவருடைய கீழைமொழி நூல்களோடு இதுவும் அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இதனைப் பெயர்த்தெழுதியவர் உரோமை நகரின் அனாவ் குடும்பத்தைச் சேர்ந்த யெகியேல் பென் யெகுத்தியேல். எழுதி முடித்த ஆண்டு 1289. யெகியேல் கூலிக்கு எழுதிய எழுத்தர் மட்டுமல்லர். ‘மஅலோத் ஹமித்தோத்’ என்னும் அறநூலின் ஆசிரியரும் ஆவார். இச்செய்தி மூலபாட ஆய்வில் முக்கியமானது. பொருள் புரியாமல் எழுதுபவர் கண்டதை அப்படியே எழுதுவார். பொருள் புரிந்தவரோ புரியாத இடத்தைப் புரியும்படி ஆக்கவும் துணிவார்.

யெகியேல் அவ்வாறு செய்ததை அவரே முடிவுக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். தாம் பார்த்தெழுதிய மூலம் மிகவும் பிழைபட்டிருந்தது என்றும், தம் அறிவுக்கு எட்டியவரை திருத்தியதாகவும், பிழைகள் அனைத்தும் நீங்கிவிடவில்லை என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும் கூறுகிறார். குறை காண்போர் எல்லாப் பிழைகளையும் தம்மீது சுமத்தாமல் நல்லெண்ணத்தோடு நோக்க வேண்டும் என்றும் வேண்டுகிறார். இதனை வெறும் அவையடக்கமாகக் கொள்ள இயலாது. இக்குறிப்பிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. அவருக்குக் கிடைத்த மூலம் பழுதுற்றது. அவர் செய்த திருத்தங்களுக்கு ஆதாரம் பெரும்பாலும் அவருடைய அறிவே. எவ்விடத்தில் திருத்தினார் என்பதை அவர் பொதுவாகக் குறிக்கவில்லை. ஆகவே இன்று தெளிவாகத் தோன்றும் ஒரு தொடர் பழம்பாடமாகவும் இருக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தமாகவும் இருக்கலாம்.

சுவடியில் வேறு கைகளும் தென்படுகின்றன. எழுதியவரே விடுபட்டதைச் சேர்த்த இடங்கள் உண்டு. பிற்காலப் பயில்வோர் ஓரத்தில் எழுதியவை உண்டு. அச்சுக்காக ஆயத்தம் செய்தபோது எழுதப்பட்டவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறிதலே இச்சுவடியைப் பற்றிய ஆய்வின் முதற்பணி.

3. பொம்பெர்க் அச்சகமும் பதிப்பாளரும்

ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த கிறித்தவரான தானியேல் பொம்பெர்க் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெனிசில் எபிரேய நூல்களை அச்சிட்டார். பாபிலோனியத் தல்மூதின் முதல் முழுப்பதிப்பு 1520க்கும் 1523க்கும் இடையில் அவர் அச்சகத்தில் வெளிவந்தது. அதற்கு முன்னர் சொன்சினோ குடும்பத்தார் உள்ளிட்டோர் தனித்தனி நூல்களையே அச்சிட்டிருந்தனர். பொம்பெர்க் வகுத்த தாள் எண்களே இன்றுவரை பாபிலோனியத் தல்மூதை மேற்கோள் காட்டப் பயன்படுகின்றன.

எருசலேம் தல்மூதும் இவ்வாறே. வெனிசுப் பதிப்பில் பக்கத்திற்கு இரண்டு பத்திகளாக, ஒரு தாளுக்கு நான்கு பத்திகள் உள்ளன. தாள் எண்ணையும் பத்தியையும் சேர்த்துச் சுட்டும் முறை இதிலிருந்தே தோன்றியது. ஆய்வாளர் ஒருவர் இந்நூலின் ஓரிடத்தைக் குறிப்பிடும்போதெல்லாம் 1523ஆம் ஆண்டின் அச்சமைப்பையே குறிப்பிடுகிறார். மேற்கோள் முறை ஒரு பதிப்பைச் சார்ந்து நிலைபெறும்போது, அப்பதிப்பின் பாடமும் கேள்வியின்றி நிலைபெற்றுவிடும் என்பது கருதத்தக்கது.

இப்பதிப்பைச் செம்மை செய்தவர் தூனிசிலிருந்து வெனிசுக்கு வந்த யாக்கோபு பென் ஹயீம் இப்ன் அதோனியா. 1524-25இல் வெளிவந்த உரைகளுடன் கூடிய எபிரேய விவிலியப் பதிப்பால் பெரும்புகழ் பெற்றவர். விவிலியப் பணியில் எழுத்தெண்ணி, குறிப்பெண்ணி வேறுபாடுகளைப் பதிவுசெய்த மசோரா மரபினை அவர் திரட்டித் தந்தார். எருசலேம் தல்மூதுக்கோ அத்தகைய காப்புமரபு எதுவும் இல்லை. எனவே ஒரே பதிப்பாளரிடம் இருவேறு முறைகளைக் காண்கிறோம். விவிலியத்தில் மரபு கூறியதைத் தொகுத்த அவர், தல்மூதில் தம் புலமையைக் கொண்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது. லெய்டன் சுவடியைத் தவிர வேறு சில படிகளும் ஒப்பிடப்பட்டன என்று வெனிசுப் பதிப்பின் முடிவுரை கூறுகிறது. எனினும் அச்சுப்பாடத்தின் உடல் லெய்டன் சுவடியே என்பது இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது.

4. பாடமாற்றங்களின் வகைகள்

சுவடியையும் அச்சையும் ஒப்பிடும்போது காணப்படும் மாற்றங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

4.1 விடுபாடு

இரு தொடர்கள் ஒரே சொல்லில் முடியும்போது, எழுதுவோர் கண் முதல் தொடரிலிருந்து இரண்டாம் தொடரின் முடிவுக்குத் தாவிவிடும். இடையிலுள்ள பகுதி விடுபடும். வினாவும் விடையும் ஒரே சொற்களால் மீண்டும் மீண்டும் அமையும் தல்மூத் நடையில் இப்பிழை எளிதில் நிகழும். லெய்டன் சுவடியில் இத்தகைய விடுபாடுகள் மிகுதி. சிலவற்றை யெகியேலே ஓரத்தில் நிறைவுசெய்துள்ளார். ஏனையவை அச்சிலும் தொடர்ந்தன.

4.2 எழுத்து மயக்கம்

எபிரேய எழுத்துகளுள் தாலெத்தும் ரேஷும், பேத்தும் காஃபும், வாவும் யோதும், ஹேயும் ஹேத்தும் வடிவில் நெருங்கியவை. உயிர்க்குறியின்றி எழுதப்படும் நூலில் ஓரெழுத்து மாறினாலும் வேறொரு சொல் பிறக்கும். இரபிகளின் பெயர்களைச் சுருக்கி எழுதும் வழக்கம் இம்மயக்கத்தை மேலும் பெருக்கியது. யோத் என்னும் ஓரெழுத்தால் சுருக்கிய பெயரை யோகனான் என்றும் விரிக்கலாம்; யோசே என்றும் யெகூதா என்றும் விரிக்கலாம். கூற்று யாருடையது என்பதைக் கொண்டே சட்டமுடிவும் காலவரிசையும் கணிக்கப்படும் நூலில் இது சிறுபிழை ஆகாது.

4.3 மொழித் திருத்தம்

எருசலேம் தல்மூதின் மொழி எபிரேயத்தோடு கலந்த கலிலேய அரமேயம். படியெடுத்தோரும் பதிப்பித்தோரும் நாள்தோறும் பயின்றதோ பாபிலோனிய அரமேயம். தமக்குப் பழக்கமற்ற வடிவத்தைக் கண்டபோது அவர்கள் அதனைப் பிழையென்று கருதிப் பழகிய வடிவமாக மாற்றினர். எடுத்துக்காட்டாக, ‘காண்’ என்னும் பொருளில் கலிலேய வழக்கு ‘ஹமி’ என்னும் வினையை ஆளும். பாபிலோனிய வழக்கில் ‘ஹசி’ வரும். எலியாசர் என்னும் பெயர் பாலஸ்தீன மரபில் முதலெழுத்து நீங்கி ‘லாசர்’ என்றே வழங்கும். இத்தகைய இடங்களில் கலிலேய வடிவமே பழமையானது. பழக்கப்பட்ட வடிவம் பெரும்பாலும் பிற்காலக் கையின் அடையாளம். சுவடியில் நின்ற பழைய வடிவம் அச்சுக்குச் செல்கையில் மாறியிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

மொழித் திருத்தமே மூவகையுள் அறிதற்கரியது. விடுபாடு பொருளைச் சிதைப்பதால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எழுத்து மயக்கமும் பெரும்பாலும் அவ்வாறே. மொழித் திருத்தமோ தொடரைச் செவ்வையாக்குவதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கலிலேய அரமேயத்தின் இலக்கணத்தை அச்சுப்பதிப்பை மட்டும் கொண்டு எழுதினால், அது ஓரளவுக்குப் பதிப்பாளரின் இலக்கணமாகவே அமையும்.

5. வழிப்பதிப்புகள்

1609ஆம் ஆண்டின் கிராக்கோவ் பதிப்பும், ஆய்வாளரிடையே பெரிதும் வழங்கிய 1866ஆம் ஆண்டின் குரோத்தோஷின் பதிப்பும் வெனிசுப் பதிப்பின் வழியிலேயே அமைந்தன. பதிப்புகள் பலவாயினும் சான்று ஒன்றே. எனவே பல பதிப்புகள் ஒரு பாடத்தில் ஒத்துநிற்பது அப்பாடத்திற்கு வலிமை சேர்க்காது. பதிப்புகளை எண்ணாமல் அவற்றின் வழிமுறையை ஆராய வேண்டும் என்னும் மூலபாட விதிக்கு இது தக்க சான்று.

அச்சு இழைத்த தீமையை மட்டும் கூறுதல் நடுவுநிலை ஆகாது. 1240இல் பாரிசில் நடந்த விசாரணையின் பின்னர் வண்டி வண்டியாகத் தல்மூத் சுவடிகள் எரிக்கப்பட்டன. 1553 செப்டம்பரில் உரோமையிலும், அடுத்த மாதம் வெனிசிலும் அச்சுநூல்கள் எரிக்கப்பட்டன. 1578-81இல் பாசெல் நகரில் வெளிவந்த பாபிலோனியத் தல்மூத், தணிக்கைக்கு உட்பட்டு, ‘அவோதா சாரா’ என்னும் நூல் முழுவதும் நீக்கப்பட்டே வெளிவந்தது. இத்தணிக்கைக்கு முற்பட்ட பொம்பெர்க் பதிப்புகள் பல படிகளாகப் பரவியிருந்ததால், பின்னர் நீக்கப்பட்ட பகுதிகளையும் காத்துத் தந்தன.

6. புதிய சான்றுகள்

வெனிசுப் பாடத்தை மதிப்பிட உதவும் சான்றுகள் நான்கு வகையின.

முதலாவது, வத்திக்கான் நூலகத்தின் 133ஆம் எண் எபிரேயச் சுவடி. செராயீம் பிரிவும் சோத்தா என்னும் நூலும் இதில் உள்ளன. எழுத்துப்பிழை மலிந்த இச்சுவடியில் லெய்டன் சுவடி இழந்த நல்ல பாடங்கள் உள்ளன என்பதைச் சவுல் லீபர்மன் எடுத்துக்காட்டினார். பொருளறியாது எழுதியவரின் பிழை, பொருளறிந்தவரின் திருத்தத்தைவிட மூலத்திற்கு அணுக்கமாக இருக்கலாம் என்பதை இச்சுவடி உணர்த்துகிறது.

இரண்டாவது, கெய்ரோ நகரின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக் கெனிசாவில் கிடைத்த சுவடித் துண்டுகள். இறைவன் திருப்பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்னும் மரபினால் பழந்தாள்கள் அங்கே இடப்பட்டன. சாலமன் ஷெக்டர் 1896-97இல் அவற்றின் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் எருசலேம் தல்மூதுக்குரிய துண்டுகளை லூயி கின்ஸ்பெர்க் 1909இல் தொகுத்து வெளியிட்டார். லெய்டன் சுவடிக்கு முற்பட்ட பல துண்டுகளில் கலிலேய அரமேய வடிவங்கள் மாறாமல் உள்ளன. மக்கோத் மூன்றாம் இயலின் காணாமற்போன விவாதப்பகுதியிலிருந்தும் கெனிசாத் துண்டு கிடைத்துள்ளது. சுவடியில் இல்லாதது எழுதப்படாதது அன்று என்பதற்கு இது கண்கூடான சான்று.

மூன்றாவது, எசுப்பானியாவின் எசுக்கோரியல் நூலகத்துச் சுவடி. பாபிலோனியத் தல்மூதின் நெசிகீன் பகுதியை எழுதிய அச்சுவடியின் மேலோரத்தில் எருசலேம் தல்மூதின் அதே பகுதி எழுதப்பட்டிருந்தது. அதனை அடையாளம் கண்ட எ.சி. ரோசந்தாலின் பதிப்பு, லீபர்மனின் விளக்கத்தோடு 1983இல் வெளிவந்தது. சுவடிப் பட்டியல்கள் மைய நூலின் பெயரை மட்டும் பதிவுசெய்யும்போது ஓரத்தில் உள்ள நூல் மறைந்துபோகும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நான்காவது, இடைக்கால ஆசிரியர்களின் மேற்கோள்கள். இவற்றைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. ‘எருசலேம்’ என்னும் பெயரால் பாலஸ்தீன மரபின் வேறு நூல்களையும் அவர்கள் சுட்டியதுண்டு.

7. சான்றின்மையும் போலியும்

நூலில் இடைவெளி இருப்பது அறிஞரை மட்டுமன்றிப் போலி செய்வோரையும் ஈர்த்தது. காணாமற்போன கோதாஷிம் பிரிவு கிடைத்துவிட்டது என்று கூறிச் சாலமன் பிரீட்லெண்டர் என்பார் 1907-08இல் அதனை அச்சிட்டார். 1212ஆம் ஆண்டுக்குரிய எசுப்பானியச் சுவடியிலிருந்து பெற்றதாக அறிவித்தார். தொடக்கத்தில் அறிஞர் சிலரும் அதனை நம்பினர். பின்னர்ப் பிற நூல்களின் பகுதிகளை ஒட்டி உருவாக்கிய போலி என்று நிறுவப்பட்டது. சுவடியைக் காட்டாமல் அச்சை மட்டும் காட்டியதே ஐயத்திற்கு முதற்காரணம். மொழியும் கூற்றுமரபும் பொருந்தாமை அதனை உறுதிசெய்தது. அச்சுநூலின் நம்பகம் அதன் படியை நேரில் காணத் தருவதைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்வு வலியுறுத்துகிறது.

8. பதிப்புமுறை பற்றிய கருத்து வேறுபாடு

பாபிலோனியத் தல்மூதுக்கு 1342இல் எழுதப்பட்ட மியூனிக் 95ஆம் எண் சுவடி ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கிறது. அதனை அச்சோடு ஒப்பிட்டு இரபினோவிச் 1867 முதல் பல தொகுதிகளாகப் பாடவேறுபாடுகளை வெளியிட்டார். அங்கே அச்சுப்பாடத்தை அடியாக நிறுத்தி வேறுபாடுகளைக் குறிப்பில் தரும் முறை பின்பற்றப்பட்டது.

எருசலேம் தல்மூதுக்குப் பேத்தர் ஷேஃபர், ஹான்ஸ்-யுர்கன் பெக்கர் ஆகியோர் 1991 முதல் வெளியிட்ட ஒப்பீட்டுப் பதிப்பு, சுவடிப் பாடங்களையும் அச்சுப் பாடத்தையும் இணையாக நிறுத்தியது. எதனையும் மூலமென்று தேர்ந்தெடுக்கவில்லை. இரபி இலக்கியத்துக்கு ஒற்றை மூலபாடம் என ஒன்றைக் கருதுவதே பொருந்துமா என்று ஷேஃபர் 1986இல் எழுப்பிய வினா இதற்கு அடிப்படை. எழுத்துவழியில் மாறுபட்டாலும் மீட்கத்தக்க பாடம் உண்டு என்று காயிம் மிலிகோவ்ஸ்கி மறுத்தார். 2001இல் எபிரேய மொழிக் கழகம் லெய்டன் சுவடியையே அடியாகக் கொண்டு, நிறைவுகளையும் திருத்தங்களையும் புலப்படுத்தி, யாக்கோவ் சுஸ்மனின் முன்னுரையோடு வெளியிட்டது.

இவ்விரு முறைகளும் தத்தம் நோக்கில் பயனுடையவை. எனினும் ஒரே முழுச்சுவடி உடைய நூலுக்கு இரண்டாவது முறையே முதலில் தேவைப்படுவது. இணைப்பத்திகள் சான்றுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுமேயன்றி, ஒரு சான்றுக்குள்ளேயே உள்ள கைகளின் வேறுபாட்டைத் தாமாகக் காட்டுவதில்லை. லெய்டன் சுவடியின் சிக்கல் பெரிதும் அகத்தது.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. எருசலேம் தல்மூதின் அச்சுப்பாடம் 1289ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றையே பெரிதும் சார்ந்தது. வழிப்பதிப்புகளின் எண்ணிக்கை அதன் சான்று வலிமையைக் கூட்டுவதில்லை.

2. யெகியேலின் முடிவுக்குறிப்பு ஒரு மூலபாடச் சான்று. தம் பாடத்தில் எதனை நம்பலாகாது என்பதைப் பெயர்த்தெழுதியவரே அதில் உரைக்கிறார். முடிவுக்குறிப்புகளைக் காலக்கணிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது போதாது.

3. பாடமாற்றங்களுள் மொழித் திருத்தமே வெளித்தெரியாதது. ஆகவே மிகவும் கவனத்திற்குரியது. பதிப்பாளரின் புலமை மிகுந்தோறும் அதற்கான வாய்ப்பும் மிகும்.

4. சிறுதுண்டுகள், பிழைமலிந்த படிகள், ஓரத்தில் எழுதப்பட்டவை ஆகியவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்குதல் கூடாது. இந்நூலின் வரலாற்றில் புதிய ஒளி தந்தவை அவையே.

5. அச்சுக்குச் சென்ற படியைப் பாதுகாத்தல் பதிப்புப் பணியின் ஒரு கூறாகும். லெய்டன் சுவடி அச்சேறிய பின்னர் எறியப்பட்டிருந்தால், யெகியேலின் கை எது, யாக்கோபு பென் ஹயீமின் கை எது, பழம்பாடம் எது என்று வினவவும் இயலாது போயிருக்கும். நூல் அச்சாகிவிட்டது, இனிச் சுவடி எதற்கு என்னும் எண்ணம் எம்மொழிக்கும் பொதுவானது. அதற்கு விடையாக அமைவது இச்சுவடி.